போர் முடிந்த பின் துணிக்கு வந்த கோட்டா: காலனிகளுக்கு யார், எப்படிப் பங்கு போட்டார்கள்?

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தது. துணிப் பஞ்சம் முடியவில்லை. பிரிட்டனிலேயே சட்டை வாங்கக் கூப்பன் வேண்டியிருந்தது. 1941 ஜூனில் ஆளுக்கு 66 கூப்பன் என்று தொடங்கிய பங்கீடு, போர் ஓய்ந்த பிறகு தளர்வதற்குப் பதில் இன்னும் இறுகியது. 1949 மார்ச்சில்தான் அதை எடுத்தார்கள். ஆளும் நாட்டிலேயே இந்தக் கதி என்றால், அங்கிருந்து துணி வாங்கிக்கொண்டிருந்த காலனிகள் என்ன செய்தன? அவற்றுக்கும் ஓர் ஒதுக்கீட்டு முறை இருந்தது. அது எப்படி வேலை செய்தது என்பதை கோல்ட் கோஸ்டை, அதாவது இன்றைய கானாவை வைத்துப் பார்ப்போம். அங்கே அது கலவரத்தில் போய் நின்றது.

முதலில், துணி ஏன் இல்லை? 1913-ல் பிரிட்டன் ஏறக்குறைய 700 கோடி கெஜம் பருத்தித் துணியை ஏற்றுமதி செய்தது. அந்தக் காலம் போருக்கு முன்பே மலையேறிவிட்டது. போரின்போது, பிரிட்டனின் பருத்தித் துணித் தொழில் மையமான லங்காஷயரின் ஆலைகள் பலவற்றை அரசே மூடச் சொல்லி, ஆட்களை ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியது. போனவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், தறிக்குத் திரும்பவில்லை. போதாக்குறைக்கு 1947 பிப்ரவரியில் கடுங்குளிரும் நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்து ஆலைகளை நிறுத்தின. போருக்கு முன் உலகச் சந்தையில் மலிவுத் துணியைக் குவித்த ஜப்பானும் போரில் நொறுங்கிக் கிடந்தது.

ஜப்பான் துணி பற்றி ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1934-ல் லங்காஷயரைக் காப்பாற்ற, பல காலனிகளில் ஜப்பான் துணி இவ்வளவுதான் இறங்கலாம் என்று பிரிட்டன் வரம்பு கட்டியது. இலங்கையின் அரசாங்க சபை அதை ஏற்க மறுத்தது. லண்டன் தன் ஆணையால் அதைத் திணித்தது. மலிவான துணியை வாங்காதே என்று பத்து வருடம் முன்பு சொன்னவர்களிடமே இப்போது துணி கேட்டு நிற்க வேண்டிய நிலை.

சரி, இருந்த கொஞ்சத் துணியை எப்படிப் பிரித்தார்கள்? முதல் கத்தரி லண்டனில் வர்த்தக வாரியம் என்ற அரசுத் துறையின் கையில் இருந்தது. உள்நாட்டுக்கு எவ்வளவு, வெளிநாட்டுக்கு எவ்வளவு என்பதை அதுதான் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் டாலர் கவலை இருந்தது. அமெரிக்காவிடம் 1946-ல் 375 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தார்கள். அதன் நிபந்தனைப்படி 1947 ஜூலையில் ஸ்டெர்லிங்கை, அதாவது பிரிட்டனின் பவுண்டு நாணயத்தை, டாலராக மாற்ற அனுமதித்தார்கள். டாலர் கையிருப்பு மளமளவென்று கரைய, ஐந்தே வாரத்தில் அனுமதியை நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் டாலர் தரும் நாட்டுக்குப் போகும் ஒரு கெஜம் துணி தங்கம். காலனிகளோ ஸ்டெர்லிங் வட்டத்துக்குள், அதாவது பவுண்டிலேயே கணக்குத் தீர்த்துக்கொண்ட நாடுகளின் கூட்டத்துக்குள் இருந்தவை. அவற்றுக்கு விற்றால் டாலர் வராது. அவை கொடுக்கும் பணமும் பெரும்பாலும் லண்டனிலேயே கணக்கில் கிடந்த அவற்றின் சொந்தச் சேமிப்புதான்.

அதற்காகக் காலனிகளை அடியோடு பட்டினி போடவும் முடியாது. கோல்ட் கோஸ்ட் கோகோவை அமெரிக்கா வாங்கியது; அந்த டாலர் ஸ்டெர்லிங் வட்டத்தின் பொதுக் கஜானாவுக்குப் போனது. உழைத்த காசுக்கு வாங்க ஒன்றுமில்லை என்றால் விவசாயி எதற்காகக் கோகோ பறிப்பார்? ஆக, காலனிக்குத் துணி அனுப்பினார்கள்தான். ஆனால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

துணி அக்ரா துறைமுகத்தில் இறங்கிய பிறகு இரண்டாவது கத்தரி. இறக்குமதிப் பங்கை போருக்கு முன் யார் எவ்வளவு இறக்கினார்கள் என்ற பழைய கணக்கை வைத்துக் கொடுத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் நியாயம் போலவே தெரியும். நடைமுறையில், யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி போன்ற பெரிய ஐரோப்பிய நிறுவனங்களிடமே துணி சேர்ந்தது. புதிதாகத் தொழில் தொடங்க நினைத்த ஆப்பிரிக்க வியாபாரிக்குக் காட்டப் பழைய கணக்கே இல்லை. கணக்கு இல்லாததால் பங்கு இல்லை, பங்கு இல்லாததால் அடுத்த வருடமும் கணக்கு இல்லை. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

மூன்றாவது கத்தரி கடையில். பெரிய நிறுவனங்களிடம் பாஸ்புக், அதாவது வாடிக்கைக் கணக்குப் புத்தகம், வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு முதலில் சரக்கு போகும். இவர்களில் பெரும்பாலோர் சந்தையில் துணி விற்கும் பெண்கள். அங்கே அச்சுத்துணி 12 கெஜப் பீஸாக வரும். வாங்கியவர் அதை வெட்டிச் சில்லறையாக விற்பார். பீஸ் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் விலை ஏறியது. அப்புறம், கட்டாயச் சேர்க்கை வேறு. நம் ஊர் ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டால் டீத்தூள் பாக்கெட்டையும் எடுக்கச் சொல்வார்களே, அதே போலத் துணி வேண்டுமானால் விலைபோகாத சரக்கையும் எடுத்தாக வேண்டும்.

1948 ஜனவரி 26 அன்று குவாபெனா போனே என்ற தலைவர், இறக்குமதித் துணியையும் வேறு சில பொருள்களையும் யாரும் வாங்கக் கூடாது என்று புறக்கணிப்பைத் தொடங்கினார். இது வியாபாரிக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விவகாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அரசு முதலில் ஒதுங்கிக்கொண்டது. கோட்டாவையும் லைசென்ஸையும் கையில் வைத்திருந்தது அதே அரசுதான்! புறக்கணிப்பு நாடு முழுக்கப் பரவியதும் பேச்சுவார்த்தை நடந்தது. மொத்த லாப விகிதத்தை 75 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைக்க நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. பிப்ரவரி 28 அன்று புறக்கணிப்பு முடிந்தது.

மக்கள் விலை பெரிதாக இறங்கும் என்று நம்பிக் கடைக்குப் போனார்கள். இறங்கவில்லை. 20 ஷில்லிங் அடக்க விலையுள்ள துணி 75 சதவீத லாபத்தில் 35 ஷில்லிங். 50 சதவீதத்தில் 30 ஷில்லிங். குறைந்தது ஐந்து ஷில்லிங், அதாவது ஏழில் ஒரு பங்குதான். ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. அதே நாளில், பர்மா போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களையும் சேர்த்து முன்னாள் படையினர் கவர்னரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள். போலீஸ் சுட்டதில் மூவர் இறந்தனர். அக்ராவில் ஐரோப்பியக் கடைகள் சூறையாடப்பட்டன, தீ வைக்கப்பட்டன. கலவரம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. பின்னாளில் கானாவின் முதல் பிரதமரான குவாமே இங்க்ருமா உட்பட ஆறு தலைவர்களை அரசு கைது செய்தது.

பின்னர் விசாரித்த வாட்சன் ஆணையம் காரணங்களை வரிசைப்படுத்தியது. அரசியல் காரணங்கள் ஒருபுறம். பொருளாதாரக் காரணங்களில், போர்க்கால இறக்குமதிக் கட்டுப்பாடு தொடர்ந்ததையும், விலையேற்றத்துக்கு ஐரோப்பிய இறக்குமதியாளர்களின் சூழ்ச்சியே காரணம் என்று மக்கள் பரவலாக நம்பியதையும், தட்டுப்பாடான பொருள்களை அந்த நிறுவனங்கள் நியாயமாகப் பிரித்துக் கொடுக்கவில்லை என்ற புகாரையும் அது குறிப்பிட்டது. விலைத் தகராறில் நடுநிலை வகிப்பதாக அரசு அறிவித்ததும் அதே பட்டியலில் இருந்தது.