தபால் பெட்டியில் அப்பா பெயர்

போன வருடம் ஒரு பையன் மியூனிக்கிலிருந்து தன் முதல் சம்பளச் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பெரம்பூர்ப் பையன், அவன் அப்பாவுக்குப் பல வருடமாக நான்தான் ஆடிட்டர். "சார், கிட்டத்தட்ட பாதியைப் பிடிச்சிட்டாங்க. இது சரியா?" என்று கேட்டிருந்தான். சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரி வகுப்பு என்ற இடத்தில் 6 என்றிருந்தது.

ஜெர்மனியில் சம்பளக்காரர்களுக்கு ஆறு வரி வகுப்புகள். கல்யாணமாகாத இவனுக்கு வர வேண்டியது 1. ஆறாவது வகுப்பு, இரண்டாவது வேலை பார்ப்பவர்களுக்கானது. வரி எண்ணைக் கொடுக்காதவர்களையும் கம்பெனி பெரும்பாலும் அதிலேதான் தள்ளும். வரியில்லாத அடிப்படைத் தொகை, 2025இல் ஆண்டுக்கு 12,096 யூரோ, அந்த வகுப்பில் கிடையாது. முதல் யூரோவிலிருந்தே பிடித்தம்தான்.

இத்தனைக்கும் அவன் எதையும் தள்ளிப்போடவில்லை. வீட்டுக்காரரிடம் குடியிருப்புச் சான்று வாங்கி, குடிபோன 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிட்டான். அதைச் செய்துவிட்டால் 11 இலக்க வரி எண் மத்திய வரி அலுவலகத்திலிருந்து சில வாரங்களில் தானாகவே தபாலில் வரும். போனில் கேட்டாலும் மின்னஞ்சலில் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், கடிதம்தான். அந்தக் கடிதம் வரவேயில்லை.

"தபால் பெட்டியில என்ன பேர் ஒட்டியிருக்கே?"

"என் பேர்தான் சார்."

வினை அங்கேதான். அங்கே பல அடுக்குமாடிகளில் வீட்டு எண் என்று ஒன்று இருக்காது. தபால்காரர் பெட்டி மேலுள்ள குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது இவன் அப்பா பெயர். பெட்டியில் அப்பாவைக் காணோம், கடிதம் திரும்பிப் போய்விட்டது.

நம் ஊரில் அப்பா ஒரு எழுத்து, ஒரு புள்ளியோடு முடிந்துவிடுகிறார். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து முழுப் பெயராகும்போது, வெளிநாட்டு அரசு அதையே நம் பெயராக எடுத்துக்கொள்கிறது. நம்பாதவர்கள் பான் கார்டை எடுத்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். அது கடைசிப் பெயரின் முதல் எழுத்து. சிலருக்கு அப்பாவின் எழுத்து இருக்கும், சிலருக்குச் சொந்தப் பெயரின் எழுத்து. படிவம் நிரப்பியவர் எந்தக் கட்டத்தில் எதை எழுதினாரோ அதன்படி.

ஜெர்மனியில் ஓய்வூதியக் கணக்குக்கான சமூகப் பாதுகாப்பு எண் வேறு, வரி எண் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. சமூகப் பாதுகாப்பு எண்ணில் 12 இடங்கள். நடுவில் ஆறு இலக்கமாக உங்கள் பிறந்த தேதி, அடுத்து பிறந்தபோது இருந்த குடும்பப் பெயரின் முதல் எழுத்து. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தாமல் ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதிதான் பாஸ்போர்ட்டில் இருக்கிறது என்றால், அந்த ஹெட்மாஸ்டர் ஜெர்மன் ஓய்வூதியத் துறை வரைக்கும் கூடவே வருவார். வரட்டும், கெடுதல் இல்லை. ஒரு படிவத்தில் ஜாதகத் தேதியும் இன்னொன்றில் சர்டிபிகேட் தேதியும் எழுதினால்தான் வம்பு.

அமெரிக்கா போகிறவர்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலியென்றால் விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு நகர்ந்து, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்! அதற்கப்புறம் சோஷியல் செக்யூரிட்டி கார்டு, பேங்க், லைசென்ஸ் என்று ஒவ்வொரு கவுன்டரிலும் கதை சொல்ல வேண்டும். விசாவுக்குப் போடும் முன்பே சாலிகிராமத்திலோ அமைந்தகரையிலோ உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்தில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்துகொள்வது எவ்வளவோ மேல். இன்னொன்று, வேலை விசாவில் போகிறவரோடு எச்-4 என்ற குடும்ப விசாவில் போகும் மனைவிக்கு வேலை அனுமதி இல்லாமல் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது. வரித் தாக்கலுக்கென்று 9இல் தொடங்கும் ஐடின் எண்தான் வாங்க வேண்டும். பிரிட்டனில் இவ்வளவு தலைவலி இல்லை, வேலை செய்ய உரிமை இருந்தால் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் வருமுன்பே வேலையில் சேரலாம்.

இந்த வெளிநாட்டு எண்கள் எதற்கும் அரசுக் கட்டணம் கிடையாது. 'டேக்ஸ் நம்பர் பேக்கேஜ்' என்று பணம் கேட்பவர் உங்கள் படிவத்தை நிரப்பத்தான் காசு வாங்குகிறார்.

சென்னைக் கம்பெனியே ஜெர்மனிக்கு டெபுடேஷனில் அனுப்பினால், கிளம்புமுன் பி.எஃப். அலுவலகத்தின் இணையதளம் வழியாகக் கவரேஜ் சான்றிதழ் வாங்கச் சொல்லி ஹெச்.ஆரை விடாமல் கேளுங்கள். இரு நாட்டுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1 மே 2017 முதல் நடப்பில் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் இங்கே பி.எஃப். தொடரும், அங்கே ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் போகும் 9.3 சதவீதம் மிச்சம். அமெரிக்காவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை.

சரி, பெரம்பூர்ப் பையன் விஷயம். அன்றைக்கே ஒரு துண்டுச் சீட்டில் அப்பா பெயரையும் சேர்த்தெழுதிப் பெட்டியில் ஒட்டினான். வரி எண்ணை மறுபடி அனுப்பச் சொல்லி எழுதினான். கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. அடுத்த சம்பளத்தில் வகுப்பு 1, கூடுதலாகப் பிடித்ததும் திரும்பி வந்துவிட்டது. அந்த வாரம் அவன் அப்பா போன் செய்தார். குரலில் கொஞ்சம் கவலை.

"பெட்டியில என் பேரை ஒட்டியிருக்கானாம். எனக்கு அங்கேர்ந்து வரி நோட்டீஸ் ஏதும் வராதே சார்?"