மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலியாகிவிடாது

"காலி என்றுதான் சார் நினைத்தேன்."

இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக ஒரு மாணவர் இதைச் சொல்லிக் கேட்கிறேன். இம்முறை தோட்டா படுக்கையறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைப் புத்தக அலமாரியில் போய் நின்றது. அங்கே யாரும் இல்லை. அன்று நடந்த ஒரே நல்லது அதுதான்.

அந்த மாணவர் செய்ய நினைத்தது நல்ல காரியம். துப்பாக்கிசுடும் போட்டியில் மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் டப்பா) மாற்றும்போது தடுமாறுகிறார். வீட்டில் பழகலாம் என்று நினைத்திருக்கிறார். தோட்டா நிரம்பிய மேகசினைக் கழற்றி, காலி மேகசினைச் செருகி, மறுபடி கழற்றி, பதினைந்து முறை பழகியிருக்கிறார். பிறகு குறிபார்த்து விசையை இழுத்துவிட்டார்.

எத்தனை முறைதான் சொல்வது? மேகசின் வெறும் டப்பா. அதைக் கழற்றினால் அதற்குள் இருப்பவைதான் வெளியே வரும். சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா சுடத் தயாராக உட்காரும் அறைக்குள், ஏற்கெனவே ஏறிவிட்ட தோட்டா அங்கேயேதான் இருக்கும். மேகசின் இல்லாமல் சுடாத பிஸ்டல்களும் உண்டு, உண்மைதான். ஆனால் காலி மேகசினைச் செருகியதும் அந்தத் தடையும் விலகிவிடும். இன்னும் சிலர் முதலில் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுத்துவிட்டுப் பிறகு மேகசினைக் கழற்றுகிறார்கள். ஒரு தோட்டா வெளியே விழும். அதைப் பார்த்ததும் நிம்மதி. அதற்குள் மேகசின் அடுத்ததை உள்ளே ஏற்றியிருக்கும்! முதலில் மேகசின், பிறகுதான் ஸ்லைடு. ஸ்லைடைத் திறந்த நிலையில் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள். சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள்.

காலி மேகசினோடு பழகுவதால் வேறொரு நஷ்டமும் உண்டு. ஸ்லைடு மூடியிருக்கும்போது, நிரம்பிய மேகசினைச் செருக அதிக அழுத்தம் தேவை. காலி மேகசின் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். கை அந்த லேசான தள்ளலையே கற்றுக்கொள்ளும். போட்டியில் மேகசின் அரைகுறையாக நிற்கும். சேம்பரில் இருந்த ஒன்று சுடும், இரண்டாவது சுடாது, மேகசின் காலடியில் கிடக்கும். வெடிக்காத டம்மி தோட்டாக்களை முழுக்க நிரப்பிப் பழகுங்கள். ஆள்காட்டி விரல் மேகசினின் முன்பக்கத்தை ஒட்டி நீண்டிருக்கட்டும், கண் மேகசின் நுழையும் வாயைப் பார்க்கட்டும், கடைசித் தள்ளல் உள்ளங்கையால். வேகம் தானாக வரும். கை வேகம் குறைவு என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் குறை கையில் இல்லை. மேகசின் வாயின் விளிம்பில் இடிப்பதுதான் நேரத்தைத் தின்கிறது.

மேகசின் மாற்றும்போது விரல் விசைக்காப்புக்கு, அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு, வெளியே. ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசத் துப்பாக்கிசுடும் கூட்டமைப்பின் போட்டிகளில் இதை மீறினால் தகுதிநீக்கம்தான். நடுவரிடம் கெஞ்சிப் பயனில்லை. வீட்டிலும் அதே விதி. பழகும் மேகசின்களைத் தனியாக வையுங்கள், கீழே போர்வை விரியுங்கள். கான்கிரீட்டில் விழுந்து விழுந்து, தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் உதடு வளைந்த மேகசினைக் கொண்டுவந்து "துப்பாக்கி சிக்குகிறது" என்று என்னிடம் புலம்பாதீர்கள்.

நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. மேசை இழுப்பறையில் என்றால்கூடக் கூடாது. வேறு அறையில், பூட்டி. குழல் எப்போதும் தோட்டாவைத் தாங்கக்கூடிய தடுப்பை நோக்கியே இருக்கட்டும். மெல்லிய அறைச்சுவர் தடுப்பாகாது, இந்த மாணவரைக் கேளுங்கள்.

இன்னொன்று, இதை வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பழகி முடித்து, நிஜத் தோட்டாவை ஏற்றிய பிறகு "இன்னும் ஒரே ஒரு முறை" என்று ஓர் ஆசை வரும். முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள். அந்த ஒரு முறையை, தயவுசெய்து, நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.