கேதத்துக்கு வாங்கிய கைமாற்றும் அரசு தரும் ஈமச்சடங்குப் பணமும்

சித்தப்பா மதுரை கீழமாசி வீதியில் 30 வருடம் மூட்டை தூக்கியவர். பெரியாஸ்பத்திரியில் இரவு 11 மணிக்கு இறந்தார். வயது 54. செல்லூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் நான்தான் செலவு எழுதினேன். ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, மாலை, கொட்டு, தேர், தத்தனேரி சுடுகாட்டில் கட்ட வேண்டியது, கேதம் கேட்க வருகிறவர்களுக்கு டீ. மறுநாள் சாயந்திரம் கூட்டினால் 38,000 ரூபாய் வந்தது. வீட்டில் இருந்ததோ 1,700. மீதியைச் சித்தியின் அண்ணனும் எதிர்வீட்டு டீக்கடைக்காரரும் கைமாற்றாகக் கொடுத்தார்கள்.

“ஈமச்சடங்குக்கு கவர்ன்மென்ட்ல பணம் தருவாங்களாமே?” என்று அப்போதே ஒரு பெரியவர் கேட்டார். தருகிறார்கள். ஆனால் அன்றைக்குக் கைக்கு வராது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்து வரும். அன்றைய செலவைச் சொந்தபந்தம்தான் தாங்கியாக வேண்டும். பிறகு அந்தக் கடனை அடைக்கத்தான் அரசுப் பணம் உதவும். இதை நம்பி மீட்டர் வட்டிக்கோ ரன் வட்டிக்கோ கை நீட்டிவிடாதீர்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது என்றாலும், சாவு வீட்டில் எழுதிக் கொடுக்கும் வெற்றுப் பேப்பர் பின்னால் படுத்தும் பாடு மதுரைக்காரர்களுக்குத் தெரியாததல்ல.

அன்றைக்கே கிடைக்கும் உதவி ஒன்று உண்டு என்றால் அது வண்டிதான். அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீடு வரை கொண்டுவந்து சேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. தொலைபேசி எண் 155377. வாசலில் தனியார் வண்டிக்காரர் ஒருவர் எங்களிடம் 4,000 கேட்டார். பதற்றத்தில் கொடுத்திருப்போம், வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மா ஒருவர்தான் “சும்மாவே வண்டி இருக்குப்பா, உள்ளே போய்க் கேளு” என்றார்.

அடுத்தது இறப்புப் பதிவு. எந்த உதவிக்கு ஓடினாலும் இதில்தான் ஆரம்பம். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். வீட்டில் இறந்தால் கிராமத்தில் விஏஓவிடமும், மாநகராட்சிப் பகுதியில் சுகாதார ஆய்வாளரிடமும் நாம் சொல்ல வேண்டும். 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் அதிகாரியின் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. படிவம் எழுதுகிறவர் பெயர் கேட்கும்போது தெருவில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். ஆதாரைக் காட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஓர் இனிஷியல் மாறினாலும் அதைத் திருத்த அலைவதிலேயே கருமாதி கழிந்துவிடும்.

சரி, யாருக்கு எங்கே பணம் கிடைக்கும்? இறந்தவர் என்ன வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்தது அது.

மூட்டை தூக்குகிறவர், கொத்தனார், சித்தாள், ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர், வீட்டு வேலை செய்கிறவர் இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் வாரியம் 1994-இல் வந்தது. மற்றத் தொழில்களுக்கான வாரியங்கள் அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். பதிவு பெற்றவர் இறந்தால் ஈமச்சடங்குக்கு 5,000 ரூபாய், அது போக இயற்கை மரண உதவித்தொகை தனியாக. விபத்தில் இறந்தால் தொகை இன்னும் பெரியது. தொழிலாளர் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பம் போகும், இணையத்திலேயே பதியலாம்.

இங்கே பலர் கோட்டை விடுவது இரண்டு இடத்தில். ஒன்று, பதிவைக் காலத்தில் புதுப்பிக்காமல் விடுவது. இன்னொன்றில் மாட்டியது நாங்கள். சித்தப்பாவின் வாரிய அட்டை பீரோவில் புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. புதுப்பித்தும் இருந்தார். நியமனதாரர் (நாமினி) என்ற இடத்தில் மட்டும் எங்கள் பாட்டியின் பெயர். கல்யாணத்துக்கு முன்பு பதிந்தபோது அம்மா பெயரைக் கொடுத்திருக்கிறார், அப்புறம் மாற்றவே இல்லை. பாட்டி போய் ஆறு வருடம் ஆகிறது. நியமனதாரர் உயிரோடு இல்லை என்றால் வாரிசுச் சான்று கேட்பார்கள். இ-சேவை மையத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். விஏஓவும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு வட்டாட்சியர் கொடுப்பார். சித்தியின் பெயர் அந்த அட்டையில் ஒழுங்காக இருந்திருந்தால் இந்த நடை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

ஜவுளிக்கடை, மில், செக்யூரிட்டி, ஒப்பந்தத் தூய்மைப் பணி என்று சம்பளச் சீட்டு வாங்கும் வேலையாக இருந்தால், அந்தச் சீட்டில் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக இருக்கும். தொழிலாளி பங்காக 0.75 சதவீதம் பிடிப்பார்கள். இதில் காப்பீடு பெற்றவர் இறந்தால் ஈமச்சடங்குச் செலவாக 15,000 ரூபாய் வரை கிடைக்கும். படிவம் 22. இறந்த மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

இந்த ஈஎஸ்ஐ விதியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. பணம் குடும்பத்தில் உள்ள மூத்தவருக்குப் போகும். குடும்பம் என்று யாரும் இல்லை, அல்லது சாகும்போது உடன் வசிக்கவில்லை என்றால், உண்மையில் செலவு செய்தவர் யாரோ அவருக்கே கொடுப்பார்கள். ஊரை விட்டு வந்து தனியாகத் தங்கி வேலை பார்த்தவரை, உடன் வேலை செய்தவர்களே எடுத்துப் போடுவது மதுரையில் புதிதல்ல. அப்படிச் செலவு செய்தவர்களும் கேட்கலாம். அதனால் ஐஸ் பெட்டிக்காரரிடமும் பந்தல்காரரிடமும் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கி வையுங்கள். சாவு வீட்டில் ரசீது கேட்பதா என்று கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது, கேட்கவில்லை. இன்னொன்று: அட்டைதாரரே இறந்தால்தான் இந்த 15,000. மகன் பெயரில் ஈஎஸ்ஐ இருக்க, அப்பா இறந்தால் கிடையாது. பிஎஃப் பிடித்தமும் இருந்திருந்தால், சேர்ந்த பணம், குடும்பப் பென்ஷன், 7 லட்சம் வரைக்கும் போகும் காப்பீடு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க மறக்காதீர்கள்.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் காடு கழனியில் உழைத்தவர் என்றால் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். சிறு விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் இதில் உறுப்பினர் ஆகலாம். ஈமச்சடங்குக்கு வெகுகாலமாக 2,500 ரூபாய்தான் இருந்தது. நிலமில்லாத வேளாண் தொழிலாளர்களுக்கு அதை 10,000 ஆகவும், இயற்கை மரணத்துக்கு 20,000-ஐ 30,000 ஆகவும் உயர்த்துவதாக 2025 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும்.

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தில் சம்பாதித்துப் போட்டவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால், மத்திய அரசின் குடும்ப நல உதவித் திட்டத்தில் ஒரே தடவையாக 20,000 ரூபாய் உண்டு. இதற்கும் தாலுகா அலுவலகம்தான். ஆதரவற்ற விதவை உதவித்தொகை மாதம் 1,200; அதற்கும் அங்கேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டு வரலாம்.

அப்புறம் பேங்க் பாஸ்புக். இதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. மே மாதக் கடைசி வாக்கில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். 436 என்றால் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எப்படி இறந்தாலும் 2 லட்சம். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும்; சேர்ந்தவருக்கு 55 வரை ஓடும். 20 என்றால் சுரக்ஷா காப்பீடு. விபத்தில் இறந்தால் மட்டும் 2 லட்சம். கணக்கு இருக்கும் கிளையில் போய்க் கேட்டால் படிவம் கொடுப்பார்கள்.

சித்தப்பா பாஸ்புக்கில் இரண்டு வருடம் 436 பிடித்திருந்தது. மூன்றாம் வருடம் மே மாதம் கணக்கில் கிடந்தது 211 ரூபாய். பிடிக்கவில்லை, காப்பீடும் நின்றுவிட்டது. 225 ரூபாய் குறைந்ததில் 2 லட்சம் போனது. சித்தியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் பாஸ்புக்கை என் பையிலேயே வைத்திருந்தேன்.

விபத்துச் சாவு என்றால் ஒரு விஷயத்தைக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். “உடம்பை அறுக்க விடமாட்டோம்” என்று போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என எழுதிக் கொடுத்து வாங்கி வருகிறவர்கள் உண்டு. அந்த வேதனை புரிகிறது. ஆனால் சாலை விபத்துக்கும் சாரத்திலிருந்து விழுந்ததற்கும் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் கையில் இல்லாமல் விபத்து என்று எந்த இடத்திலும் நிரூபிக்க முடியாது. பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு, உடனே கொண்டுபோன ஆஸ்பத்திரியின் சீட்டாவது பத்திரமாக இருக்க வேண்டும்.

எங்களுக்கு வாரிசுச் சான்று வந்து, வாரியப் பணம் சித்தி கணக்கில் ஏறியபோது ஐந்து மாதம் ஓடிவிட்டது. டீக்கடைக்காரருக்குத்தான் முதலில் கொடுத்தோம். அன்றைக்கே சித்தியை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் அவர். வீட்டுப் பணியாளர் வாரியத்தில் அவருக்கும் அட்டை இருக்கிறது. கணினியில் இருந்த பெண் திரையைப் பார்த்து, “நியமனதாரர்னு வீட்டுக்காரர் பேர் இருக்கும்மா” என்றது. சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கைப்பையிலிருந்து மகளின் ஆதாரை எடுத்து மேசை மேல் வைத்தார்.