மரபணுத் திருத்தம்

தேவகோட்டையில் உறவினர் வீட்டு வளவில் பேசிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அப்பத்தா கேட்டார்: "பேரன் அமெரிக்காவுல மரபணு மாத்துற படிப்புப் படிக்கிறானாம். மரபை மாத்தினா கோயில் மாறிப்போயிராதாப்பா?"

நியாயமான கேள்வி. நகரத்தாருக்கு மரபு என்றால் ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்பது. பங்காளி யார், பெண் கொடுக்கத் தக்கவர் யார் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். தொல்காப்பிய மரபியலும் "மாற்றருஞ் சிறப்பின்" என்றுதான் தொடங்குகிறது. மாற்ற முடியாததற்குப் பெயரே மரபு. அதன் பக்கத்தில் 'மாற்றம்' என்று எழுதினால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

'ஜீன்' என்ற சொல்லை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன். பிறப்பைக் குறிக்கும் கிரேக்க வேர் அது. நாம் பிறப்பை விட்டு வழிவழியாக வருவதைப் பிடித்துக்கொண்டு மரபு + அணு என்றோம். எனக்குப் பிடித்த சொல். ஒரே குறை, 'அணு' என்றதும் உருண்டையான துகள் மனத்தில் வந்துவிடுகிறது. ஜீன் துகள் அல்ல, டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் ஒரு பகுதி, நான்கே எழுத்துகளால் எழுதிய ஒரு வாசகம்.

எழுத்து என்றால் பிழையும் வரும், திருத்தமும் வரும். ஜீனின் வாசகத்தைத் திருத்தும் இந்தத் துறையை 'மரபணுத் தொகுப்பு' என்றும் எழுதுகிறார்கள். தொகுப்பது பலவற்றை ஒன்றுசேர்ப்பது. இங்கே நடப்பது அதுவல்ல. பத்திரம் எழுதுகிறவர்கள் சொல்லும் 'அடித்தல் திருத்தல்' இதற்கு மிக நெருக்கம். கொண்டுவிக்கப் போனவர்களின் (வெளிநாட்டுக்கு வணிகம் செய்யப் போன நகரத்தாரின்) பேரேட்டில் ஒரு எண் தப்பாக விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வார்கள்; ஏட்டையே மாற்ற மாட்டார்கள். கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையிலும் வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்ற சிறு இழை சரியான வரியைத் தேடிக் காட்டும், காஸ்9 என்ற புரதம் அங்கே இழையை வெட்டும், வெட்டுப்பட்ட இடத்தைச் செல்லே ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது வாசகம் மாறுகிறது.

பாக்டீரியாவின் ஜீனை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த பி.டி. பருத்தி 2002இல் இந்தியாவுக்கு வந்தது. அது மரபணு மாற்றம். சம்பா மசூரி நெல்லின் சொந்த ஜீனிலேயே கைவைத்து உருவாக்கி 2025இல் அறிவித்த கமலா நெல், மரபணுத் திருத்தம். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வது வாசகருக்குச் செய்யும் அநீதி.

நரம்பியலிலிருந்து இத்துறைக்கு வந்தவர் ஃபெங் ஜாங். சீனாவில் பிறந்து, 11 வயதில் அமெரிக்கா போனவர். ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசரோத்தின் ஆய்வகத்தில், பாசியின் ஒளி உணரும் புரதத்தை நரம்புச் செல்லுக்குள் வைத்து, ஒளியால் அதை இயக்கிய குழுவில் இருந்தார். நரம்புச் செல்லில் நினைத்த இடத்தில் ஜீனை வைக்க வேண்டும் என்ற தேவைதான் அவரைத் திருத்தத்தின் பக்கம் இழுத்தது. 2013இல் மனிதச் செல்லிலும் எலியின் செல்லிலும் கிரிஸ்பர் வேலை செய்வதை அவர் குழு காட்டியது. (நியூரான் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நாண், தசைநார் என்று பொருள். நம் நரம்பும் யாழில் கட்டியதுதான். இந்த ஒற்றுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.)

அப்பத்தாவுக்கு வருவோம். பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகைக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் தந்த மருத்துவம், நோயாளியின் எலும்பு மச்சையில் ரத்தம் உண்டாக்கும் செல்களை மட்டும் திருத்துகிறது. பிள்ளைகளுக்கு அது போகாது. கருவையே திருத்தினால்தான் வழிவழியாகப் போகும். 2018இல் சீனாவில் அப்படிச் செய்த ஆய்வாளர் சிறைக்குப் போனார்.

"அப்ப ரத்தத்துல அடித்தல் திருத்தல், வம்சத்துல இல்லே" என்றார் அப்பத்தா. ஆமாம் என்றேன்.