தோலுக்கான மாத்திரை இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தானது எப்படி?

தோல் புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்ட மாத்திரை இரத்தப் புற்றுநோயில் எப்படி வேலை செய்யும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்த மாத்திரை வெமுராஃபெனிப். நோய், ஹேரி செல் லுகேமியா. அரிதான இந்நோயில், நுண்ணோக்கியில் மயிர் முளைத்தவை போலத் தெரியும் பி வகை வெள்ளணுக்கள் பெருகி, மண்ணீரலை வீங்கச் செய்கின்றன.

2011இல் இத்தாலியின் பெருஜியா நகரில் தியாச்சி, ஃபலீனி ஆகியோரின் குழு, ஒரே ஒரு நோயாளியின் புற்றணுக்களில் புரதங்களுக்கான மரபணுப் பகுதிகள் அனைத்தையும் வாசித்து, பிராஃப் மரபணுவில் ஒரு பிழையைக் கண்டது. அடுத்துச் சோதித்த 47 பேரிடமும் அதே பிழை இருந்தது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காணப்படுவதும் இதுவே.

பிராஃப், செல்லைப் பிரிந்து பெருகத் தூண்டும் நொதி. வெளியிலிருந்து வளர்ச்சிச் செய்தி வந்தால்தான் அதன் வளைவுப் பகுதி ஒன்றில் பாஸ்பேட் ஒட்டும். பாஸ்பேட்டின் எதிர்மின்னூட்டம் அவ்வளைவை இடம்பெயர்த்து நொதியை இயக்கும். செய்தி நின்றதும் பாஸ்பேட் நீக்கப்பட்டு நொதி ஓயும். டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், அதே வளைவில் 600ஆம் இடத்தில் மின்னூட்டமற்ற வாலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக எதிர்மின்னூட்டம் கொண்ட குளுடாமிக் அமிலம் அமர்கிறது. பாஸ்பேட் வராமலேயே வந்துவிட்டதாக நொதி நடந்துகொள்கிறது. பாஸ்பேட்டையாவது கழற்றலாம், புரதச் சங்கிலியின் கண்ணியாகிவிட்ட அமினோ அமிலத்தைக் கழற்ற வழியில்லை. இத்தனை சிறிய மாற்றம் ஓர் உயிரையே அசைப்பது எனக்குத் தீராத வியப்பு.

செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. அமர வேண்டிய குழியில் வெமுராஃபெனிப் அமர்ந்து இந்நொதியை முடக்குகிறது. ஆய்வகத்தில் மருந்து பட்ட புற்றணுக்கள் தம் மயிர்களையே இழந்தன. 2015இல் வெளியான ஆய்வுகளில், வழக்கமான மருந்துகளுக்குப் பிடிகொடுக்காத நோயாளிகளில், இத்தாலியில் 26 பேரில் 25 பேருக்கும், அமெரிக்காவில் 24 பேரில் அனைவருக்கும் நோய் தணிந்தது. மருந்தை நிறுத்தியபின் பலருக்கு நோய் திரும்பியதால், பி வகை வெள்ளணுக்களைத் தாக்கும் ரிட்டுக்ஸிமாப் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 30 பேரில் 26 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது.

இத்தனை அரிதான நோய்க்குப் புது மருந்து தேட எந்த நிறுவனமும் எளிதில் முதலிடாது. ஆகவே, உடனடிப் பயன் தெரியாத மரபணு ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாக நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால், ஒரே பிழை இருந்தால் எல்லா உறுப்பிலும் ஒரே மருந்து போதும் என்று முடிவுகட்டக் கூடாது. இதே பிழையுள்ள பெருங்குடல் புற்றுநோயில் வெமுராஃபெனிப் தனியாகப் பெரிதாகப் பலிக்கவில்லை. அங்கே பிராஃப் முடங்கியதும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும், செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிச் செய்தியை வாங்கும் ஏற்பி விழித்தெழுந்து, வளர்ச்சிச் செய்தியை மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடுகிறது. அதையும் சேர்த்து அடைத்தால்தான் மருந்துக்குப் பலன் கிடைக்கிறது.