வயற்புதினா: ‘மெந்தா ஆர்வென்சிஸ்’ என்னும் பெயரின் பொருள்

ஆங்கிலேயர் ‘வைல்ட் மின்ட்’ என்று சொல்லும் செடியைத் தமிழில் ‘காட்டுப்புதினா’ என்று எழுதுகிறோம். அதன் தாவரவியற் பெயர் மெந்தா ஆர்வென்சிஸ். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசு 1753 இல் பதிப்பித்த இப்பெயரில் காடு எங்கும் இல்லை. இலத்தீனில் ‘ஆர்வும்’ என்பது உழுத நிலம். ‘என்சிஸ்’ என்னும் விகுதி ‘அவ்விடத்துக்குரியது’ என்று பொருள்படும்.

‘மெந்தா’ என்பது கிரேக்கத்தின் ‘மிந்தே’ என்னும் சொல்லோடு உறவுடையது. பாதாள வேந்தன் விரும்பிய மிந்தே என்பவள் அவன் மனைவியின் சினத்தால் செடியானாள் என்பது அந்நாட்டுப் புராணம். ‘புதினா’வோ பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. அதற்கு ‘ஈயெச்சக்கீரை’ என்றொரு தமிழ்ப் பெயரும் உண்டு. ஆயினும் சம்பலுக்கு அரைக்கும் இலையை அப்பெயரால் அழைக்க யாழ்ப்பாணத்து அடுக்களை எதுவும் இசையாது. புதினாவை அப்படியே வைத்துக்கொண்டு, அடைமொழியைத் திருத்துவதே தக்கது.

‘காட்டு’ என்னும் அடை பிழையென்று சொல்லமுடியாது. தானாக வளரும் புதினா இனங்கள் பல இருக்க, எல்லாவற்றுக்கும் பொருந்துவதே அதன் குறை. ‘ஆர்வும்’ என்பதற்கு நேராக எதைச் சொல்வது? வெங்காயமும் புகையிலையும் விளையும் இடத்தைத் தோட்டம் என்றும், நெல் விளையும் இடத்தை வயல் என்றும் பிரித்துச் சொல்லும் நமது வழக்கில், ‘தோட்டப்புதினா’ என்றால் நட்டு வளர்ப்பது என்ற பொருளே முந்தும். இச்செடி ஈரநிலத்தை விரும்புவதால் ‘வயற்புதினா’ என்பதே சொல்லுக்கும் செடிக்கும் ஒருங்கே பொருந்துகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சமுவேல் பிஸ்க் கிறீன், கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் இடந்தேடிய மண்ணில் இம்முயற்சி புதிதன்று.

துளசி, தும்பை போலவே இதற்கும் தண்டு நாற்பட்டை. இலைகள் எதிரெதிராக அமையும். கடைப்புதினாவான மெந்தா ஸ்பிகாட்டாவின் பூக்கள் கிளை நுனியில் கதிராக நிற்க, வயற்புதினாவின் பூக்கள் இலைக்கக்கங்களில், அதாவது இலை தண்டோடு சேரும் இடங்களில், வளையம் வளையமாகச் சூழ்ந்திருக்கும். ‘ஸ்பிகாட்டா’ என்பதற்கே கதிருடையது என்றுதான் பொருள்.

மெந்தோல் பெருமளவில் வடிக்கப்படும் ஆசிய வகையை இப்போது பலர் மெந்தா கனடென்சிஸ் என்று தனி இனமாகப் பிரிக்கின்றனர். அதிலும் அதே ‘என்சிஸ்’ விகுதிதான். ‘கனடாவுக்குரியது’ என்று பொருள். கனடாவில் உறவினர் இல்லாத வீடு அரிதான யாழ்ப்பாணத்தில் இப்பெயருக்கு மட்டும் விளக்கம் வேண்டியிராது.