மார்பிளிங் – தமிழில் நீர்க்கோலம்

விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்கிற கைவேலைகளில் ‘மார்பிள் பேப்பர்’ எனக்கு மிகவும் பிடித்தது. தட்டில் வண்ணம் மிதக்கும், குச்சியால் இழுத்தால் நெளியும், மேலே தாளை வைத்து எடுத்தால் அந்த நெளிவு அப்படியே தாளுக்கு வந்துவிடும். ஒருநாள் செய்துகொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: “மார்பிள்னா தரையில போடுற கல்லுதானே சித்தி? இதுல கல் எங்க இருக்கு?”

கல் எங்கும் இல்லை. உருவ ஒற்றுமையால் வந்த பெயர் அது. கிரேக்கத்தில் ‘மார்மரோஸ்’ என்றால் மின்னும் கல். அது லத்தீனில் ‘மார்மோர்’ ஆகி, பழைய பிரெஞ்சில் ‘மார்ப்ர’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மார்பிள்’ ஆனது. அந்தக் கல்லில் ஓடும் வரிகளைப் போலத் தாளிலும் வரிகள் தெரிந்ததால் இந்தக் கலையும் ‘மார்பிளிங்’ ஆயிற்று. ஆங்கிலத்திலேயே இது தொடக்கத்திலிருந்து நிலைத்த பெயர் இல்லை. 1627இல் அச்சான பிரான்சிஸ் பேக்கனின் நூல் ஒன்று, துருக்கியர்களின் இந்தத் தாள் கலையை ‘கேம்லெட்’ என்ற அலைவரித் துணியின் பெயரால் குறிப்பிடுகிறது. முதலில் துணி, அப்புறம் கல்.

கலை எங்கே வளர்ந்ததோ அங்கே இருக்கும் பெயர்களில் கல்லே கிடையாது. துருக்கியில் இது ‘எப்ரு’. பாரசீகத்தில் ‘அப்ர்’ என்றால் மேகம், ‘அப்ரி’ என்றால் மேகம் போன்றது. எப்ரு அதிலிருந்து வந்தது என்பார்கள். நீரைக் குறிக்கும் ‘ஆப்’, முகத்தைக் குறிக்கும் ‘ரூ’ இரண்டும் சேர்ந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு மேகமே பொருத்தமாகப் படுகிறது. அந்த அப்ர் நமக்கும் அந்நியம் இல்லை. வடமொழியில் மேகத்துக்கு வழங்கும் ‘அப்ர’ அதன் உறவுச்சொல்தான். தமிழில் மைக்காவுக்கு நாம் சொல்லும் அப்பிரகமும் அந்த வழியில் வந்ததே. இந்தக் கலை தக்காணத்துக்கும் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் ஓவியர்கள் இந்த நெளிவரிகளாலேயே உருவங்களை அமைத்தார்கள். எலும்பும் தோலுமான ஒரு குதிரையும் அதன் மேல் ஒரு மனிதனும் இருக்கும் அப்படிப்பட்ட படம் ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்ருவை யுனெஸ்கோ 2014இல் மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது.

ஜப்பானியர் சொல்வது ‘சுமிநாகாஷி’. சுமி என்றால் மை, நாகாஷி என்றால் ஓடவிடுதல். செய்கிற வேலையையே பெயராக வைத்துவிட்டார்கள். 12ஆம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுப்புகளின் தாள்களிலேயே இந்த மையோட்டத்தைப் பார்க்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பளிங்குத் தாள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. “அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்” என்கிறது குறள். அங்கே பளிங்கு என்பது பக்கத்தில் இருப்பதைத் தன்னுள் காட்டும் தெளிவான பொருள், படிகம். மணிமேகலையில் வரும் பளிக்கறையும் உள்ளே இருப்பவரை வெளியே காட்டும் அறைதான். நம் மொழியில் பளிங்கின் பெருமையே தெளிவு. இந்தத் தாளின் அழகோ கலங்கலில் இருக்கிறது. ‘சலவைக்கல் தாள்’ என்றாலும் சரிவராது. சலவை நோட்டு என்றால் மடிப்புக் கலையாத புது நோட்டு என்றுதான் நம் மனம் போகும். ‘நீர்வரித் தாள்’ என்றால் தண்ணீர் வரி ரசீது நினைவுக்கு வரும்.

நான் சொல்வது நீர்க்கோலம். அகலமான பாத்திரத்தில் அசையாத நீர் வைத்து, அதன்மேல் பொடி தூவிக் கோலம் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தண்ணீர்க்கோலம் என்போம். இங்கே பொடிக்குப் பதில் வண்ணம், அவ்வளவுதான். நீரில் வரைவது நீர்க்கோலம், அதை ஒற்றி எடுத்த தாள் நீர்க்கோலத் தாள். ‘ஒற்றுதல்’ என்ற வினையும் முக்கியம். தாளைத் தேய்க்கவோ இழுக்கவோ கூடாது, மெல்லப் படியவிட்டு எடுக்க வேண்டும். நீர்மேல் எழுத்து நிலைக்காது என்பார்கள். அந்த எழுத்து கலைவதற்குள் அதைத் தாளில் பிடித்துவிடுவதே இந்த வேலை.

வண்ணம் ஏன் மூழ்காமல் மிதக்கிறது? துருக்கியில் நீரில் செடிப்பிசினைக் கரைத்துக் கெட்டியாக்குவார்கள். வண்ணத்தில் மாட்டுப் பித்தநீர் சில சொட்டு சேர்ப்பார்கள், சொட்டு நீர்மேல் விரிந்து படர அதுதான் காரணம். பல நாடுகளில் தாளில் முன்கூட்டியே படிகார நீர் தடவுவார்கள், வண்ணம் அதைப் பற்றிக்கொள்ளும்.

வீட்டில் பிள்ளைகளோடு செய்ய இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. தட்டில் ஷேவிங் நுரையை விரல் கனத்துக்குப் பரப்பி, உணவு வண்ணம் ஐந்தாறு சொட்டு விட்டு, பல்குச்சியால் இழுங்கள். நிறைய கலக்கினால் எல்லாம் சேர்ந்து மண் நிறமாகிவிடும், நாலைந்து இழுப்பு போதும். கெட்டித் தாளை மேலே வைத்து ஒற்றி எடுத்து, ஒட்டியிருக்கும் நுரையை ஸ்கேலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டால் கோலம் தெரியும். நுரை கண்ணிலும் வாயிலும் படாமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நெயில் பாலிஷ், டர்பன்டைன் வைத்துச் செய்யும் முறைகளைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், அந்த வாடை நல்லதில்லை.

இந்த நுரை முறையில் நீர் இல்லையே, அதையும் நீர்க்கோலம் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா மகள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பென்சிலால் ‘நுரைக்கோலம்’ என்று எழுதிவிட்டாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.